முதல் வின்டேஜ் கார் வாங்கப் போகிறீர்களா? நிலையும் நியாய விலையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கார் வாங்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் வண்டியில் பணத்தை விழுங்குவது பெரும்பாலும் இன்ஜின் இல்லை, துருவும் காணாமல் போன பாகங்களும்தான். கீழே உள்ள பதில்கள் எல்லாம் அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் வரும்.

வின்டேஜ் என்று எதைச் சொல்கிறோம்? என் தாத்தா காலத்து கார் எல்லாமே வின்டேஜா?

பேச்சில் அப்படித்தான் சொல்கிறோம், தப்பில்லை. கணக்காகப் பார்த்தால், பழங்கால வாகனங்களுக்கான சர்வதேசக் கூட்டமைப்பான ஃபிவா 1919 முதல் 1930 வரை வந்த வண்டிகளைத்தான் வின்டேஜ் என்கிறது. 1904 முடியும் வரை வந்தவை ஆன்செஸ்டர், 1905 முதல் 1918 வரை வெட்டரன், 1931 முதல் 1945 வரை போஸ்ட் வின்டேஜ். அதற்குப் பிறகு வந்தவற்றைப் பொதுவாக கிளாசிக் என்கிறார்கள். 30 வயது தாண்டி, அந்தக் காலத்து நிலையிலேயே பராமரிக்கப்பட்டு, தினசரிப் போக்குவரத்துக்குப் பயன்படாமல் இருந்தால் அது வரலாற்று வாகனம் என்பது ஃபிவாவின் பொது வரையறை.

விலைக்கு இது ஏன் முக்கியம் என்றால், விற்பவர் "வின்டேஜ்" என்று சொன்ன உடனே விலை ஏறிவிடுகிறது. 1962 மாடல் வண்டியை வின்டேஜ் என்று விற்கிறார் என்றால் வண்டி மோசம் என்று அர்த்தமில்லை. ஆனால் அந்தச் சொல்லுக்குத் தனியாகப் பணம் கொடுக்காதீர்கள்.

முதல் காருக்கு எந்த மாடல் நல்லது?

உதிரிபாகம் கிடைக்கிற மாடல், அவ்வளவுதான். ஃபோர்டு மாடல் டி 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேல் செய்யப்பட்டது. அதற்கு இன்றைக்கும் புதிதாகப் பாகங்கள் தயாரிக்கிறார்கள். அதற்கு அடுத்து வந்த மாடல் ஏ, 1920-களில் தொடங்கி 1939 வரை வந்த ஆஸ்டின் 7, பிற்காலத்து வண்டி என்றால் ஃபோக்ஸ்வேகன் பீட்டில், பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி, மினி, இவற்றுக்கெல்லாம் சின்ன கிளிப் வரைக்கும் வாங்கலாம். எம்ஜிபிக்கு முழு பாடியையே புதிதாகச் செய்து விற்றிருக்கிறார்கள்.

யாரும் கேள்விப்படாத ஒரு கம்பெனி 200 வண்டி மட்டும் செய்து மூடிப்போன மாடல் மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்வார்கள். அபூர்வம் வேறு, மதிப்பு வேறு. ஒரு ஹெட்லைட் வளையத்துக்காக இரண்டு வருடம் தேட வேண்டியிருந்தால் அந்த அபூர்வத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அது உங்கள் மூன்றாவது வண்டியாக இருக்கட்டும்.

இன்னொன்று. மாடல் டி ஓட்டுவது இன்றைய காரைப் போல இருக்காது. கியர் மாற்றுவது மிதியில், வேகம் கூட்டுவது ஸ்டியரிங் அடியில் உள்ள கைப்பிடியில், மூன்று மிதிகளில் வலது ஓரத்தில் இருப்பது பிரேக், அதுவும் முன் சக்கரத்துக்குக் கிடையாது. வாங்கும் முன் யாருடையதையாவது ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். ஓட்டப் பிடிக்காத வண்டி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஷெட்டில்தான் நிற்கும்.

பார்க்கப் போகும்போது என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?

நல்ல டார்ச், மெல்லிய துணி சுற்றிய சின்ன காந்தம், முனை மழுங்கிய ஸ்க்ரூ டிரைவர், தரையில் படுக்க ஒரு பழைய விரிப்பு, அழுக்கானால் கவலைப்படாத சட்டை. சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜ் இருந்தால் அதையும். கூடவே அந்த வண்டி மேல் ஆசையே இல்லாத ஒரு ஆளையும் கூட்டிப் போங்கள். மற்ற எல்லாவற்றையும் விட அவர்தான் உதவுவார். பகல் வெளிச்சத்தில் போங்கள். மழை பெய்து வண்டி நனைந்திருந்தால் இன்னொரு நாள் பாருங்கள், ஈரத்தில் எந்த பெயின்ட்டும் அழகாகத்தான் தெரியும்.

சரி, வண்டி முன்னால் நிற்கிறேன். முதலில் எதைப் பார்ப்பது?

பானெட்டைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கிறதா என்று. நீங்கள் வரும் முன்பே வண்டியை ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால், குளிர்ந்த நிலையில் அது எப்படிக் கிளம்பும் என்பது உங்களுக்குத் தெரியக்கூடாது என்று ஒருவர் நினைத்திருக்கலாம். இன்ஜின் ஆறட்டும். அதுவரை பாடியைப் பாருங்கள், அதற்குத்தான் அதிக நேரம் வேண்டும்.

பத்தடி தள்ளி நின்று வண்டியின் பக்கவாட்டைக் கோணத்தில் பாருங்கள். வெளிச்சம் தகட்டின் மேல் நேராக ஓட வேண்டும். ஓரிடத்தில் அலை அலையாக வளைந்தால் அங்கே டிங்கரிங் நடந்திருக்கிறது, பட்டி பூசியிருக்கிறார்கள். கதவுக்கும் பாடிக்கும் இடையிலுள்ள இடைவெளி மேலே ஒரு விரல், கீழே அரை விரல் என்று இருந்தால் சேசிஸ் வளைந்திருக்கலாம், இல்லை கதவுத் தூண் இற்றிருக்கலாம்.

அப்புறம் காந்தம். துணி சுற்றிய காந்தத்தை மட்கார்டின் கீழ் ஓரம், கதவின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் சில், டிக்கியின் மூலைகள் என்று மெதுவாக நகர்த்துங்கள். இரும்புத் தகட்டில் கையை இழுத்துப் பிடிப்பது தெரியும். பட்டி தடிமனாக இருக்கும் இடத்தில் அந்தப் பிடிப்பு சட்டென்று விட்டுப்போகும், காந்தம் வழுக்கிக்கொண்டு கீழே இறங்கும். பெயின்ட் தடிமன் அளக்கும் கருவி கிடைத்தால் இன்னும் நல்லது: ஆலையில் அடித்த பூச்சு பொதுவாக 100-லிருந்து 200 மைக்ரான் வரை இருக்கும், மறுபடி அடித்தது அதற்கு மேல் போகும், 1000 மைக்ரானைத் தாண்டினால் கீழே இருப்பது பெயின்ட் மட்டுமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் அலுமினியத் தகட்டில் கையால் செய்த பாடிகளும் நிறைய உண்டு. அவற்றில் காந்தம் எங்கேயும் ஒட்டாது. அதைப் பார்த்து பட்டி என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

என் கதை ஒன்று. நான் முதலில் வாங்கிய வண்டி கரும்பச்சை நிறம், கண்ணாடி போலப் பளபளப்பு. உள்ளே புதுக் கார்பெட் ஒட்டியிருந்தார்கள். ஒட்டியிருக்கிறதே, கிழிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாலு மாதம் கழித்து ஓட்டுநர் பக்கம் கார்பெட்டின் ஓரம் தானாகவே எழும்பியது. இழுத்துப் பார்த்தால் அடியில் தகரம் இல்லை, தார் பூசிய துணியும் அதன்மேல் பட்டியும். ஸ்க்ரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினேன், தரை வரை இறங்கியது. சில்லுக்குள் ஃபோம் அடைத்து மேலே பெயின்ட் அடித்திருந்தார்கள். அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் ஆன செலவு இன்ஜினை முழுசாகப் பிரித்துப் போட்டிருந்தால் ஆகியிருக்கக்கூடியதைவிட அதிகம். அதனால்தான் சொல்கிறேன், கார்பெட்டைத் தூக்கிப் பார்க்க விடாத விற்பனையாளரிடம் பேசவே வேண்டாம். ஒட்டியிருந்தாலும் ஒரு மூலையைத் தூக்கச் சொல்லுங்கள்.

தனி சேசிஸ் இல்லாமல் பாடியே எலும்புக்கூடாக இருக்கும் வண்டிகளில், போருக்குப் பிந்தைய எம்ஜிபி போன்றவற்றில், இந்த சில்தான் வண்டியைத் தாங்குகிறது. அங்கே துரு என்றால் அது அழகுப் பிரச்சினை இல்லை, வண்டி நடுவில் மடியும். தனி சேசிஸ் உள்ள பழைய வண்டிகளில் பாடி துருப்பிடித்தாலும் சேசிஸ் உறுதியாக இருக்கலாம். அதற்காக சேசிஸைப் பார்க்காமல் விடாதீர்கள், பட்டை ஸ்பிரிங் மாட்டும் இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

உள்ளே மரச்சட்டம் இருக்கும் என்கிறார்களே, அதை எப்படிப் பார்ப்பது?

1920-களின் வண்டிகள் பலவற்றில் வெளித்தகட்டுக்கு உள்ளே ஆஷ் மரத்தில் சட்டம் அடித்திருப்பார்கள். தகடு புத்தம் புதிதாக இருக்கும், உள்ளே மரம் உளுத்துப் போயிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

கதவைத் திறந்து, அதன் வெளி முனையைப் பிடித்து மெல்ல மேலே தூக்குங்கள். கீல் மட்டும் ஆடினால் கீல் ஊசி தேய்ந்திருக்கிறது, சின்ன வேலை. கீலோடு சேர்ந்து தூணும் அசைந்தால் மரம் போய்விட்டது. தூணின் அடிப்பாகத்தில்தான் தண்ணீர் தேங்கும், அங்கே மூக்கை வைத்து முகர்ந்து பாருங்கள், ஈர மரம் அழுகிய வாசம் மறைக்க முடியாதது. தகட்டைத் தட்டினால் ஆணிகள் தளர்ந்த இடத்தில் சலசலக்கும். மரச்சட்டத்தை மாற்ற வேண்டுமென்றால் தகட்டைக் கழற்றி, தச்சு வேலை செய்து, மறுபடி தகட்டைப் பொருத்த வேண்டும். இதைத் தெரிந்து செய்கிறவர்கள் குறைவு, அவர்கள் வரிசையில் காத்திருக்கவும் வேண்டும்.

இன்ஜின் நன்றாக இருக்கிறதா என்று மெக்கானிக் இல்லாமல் தெரிந்துகொள்ள முடியுமா?

பாதிக்கு மேல் முடியும்.

ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு ஆயில் கம்பியை உருவிப் பாருங்கள். ஆயில் கருப்பாக இருந்தால் பரவாயில்லை. பால் கலந்த மாதிரி வெளுத்துக் குழகுழவென்று இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. ரேடியேட்டர் மூடியைத் திறந்து, இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும், மேலே எண்ணெய்ப் படலம் மிதக்கிறதா என்று பாருங்கள். ஓடும்போது அதில் விடாமல் குமிழி வந்தால் இன்ஜினின் மேல் மூடியான ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்பு, அதாவது ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், ஹெட்டிலேயே விரிசலும் இருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சருக்குப் பின்னால் நில்லுங்கள். முதலில் கொஞ்சம் வெள்ளை ஆவி வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஈரம். சூடான பிறகும் அடர்த்தியாக வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்தால் தண்ணீர் எரிகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, பெரும்பாலும் கார்புரேட்டர் வேலை, பயப்பட வேண்டாம். நீலப்புகைதான் கவனிக்க வேண்டியது, ஆயில் எரிகிறது. எப்போது வருகிறது என்று பாருங்கள்: ஆக்சிலரேட்டரை அழுத்தி ஏறும்போது வந்தால் பிஸ்டன் ரிங் பக்கம் சந்தேகம், சரிவில் காலை எடுத்துவிட்டு இறங்கி மறுபடி அழுத்தும்போது குப்பென்று வந்தால் வால்வு கைடு பக்கம்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் அளவைவிட சிலிண்டர்களின் அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம் முக்கியம். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது. மாடல் டி-யின் அமுக்க விகிதம் சுமார் 4:1 மட்டுமே, இன்றைய வண்டிகளில் அது 10:1-ஐச் சுற்றி இருக்கும். அதனால் பழைய இன்ஜினில் 150 பி.எஸ்.ஐ. அழுத்தம் வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். ஒரு சிலிண்டர் மட்டும் குறைந்தால் அதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

ஆயில் பிரஷர் மீட்டர் இருந்தால் நன்றாகச் சூடான பிறகு பாருங்கள். இன்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் ஒவ்வொரு 1000 சுற்றுக்கும் சுமார் 10 பி.எஸ்.ஐ. என்பது பழைய மெக்கானிக்குகள் சொல்லும் தோராயக் கணக்கு, அந்த மாடலின் கையேடு வேறு சொன்னால் கையேடுதான் சரி. மாடல் டி-யில் ஆயில் பம்ப்பே கிடையாது, அதனால் மீட்டரும் கிடையாது, யாராவது பின்னால் மாட்டியிருந்தால் தவிர.

கீழிருந்து கனமாக, ஆழமாக ஒரு தட்டல் சத்தம் வந்தால் நிற்க. போருக்கு முந்தைய இன்ஜின்களில் பேரிங் என்பது கடையில் வாங்கி மாட்டும் துண்டு இல்லை, வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றி, பிறகு கடைந்து எடுப்பது. அதைச் செய்யத் தெரிந்த பட்டறை குறைவு, கூலியும் அதிகம்.

இத்தனையும் சொல்லிவிட்டேன், ஆனாலும் இன்ஜினைப் பார்த்து மட்டும் வண்டியை ஒதுக்காதீர்கள். பிரபலமான மாடலின் இன்ஜினை யாராவது ஒருவர் எங்காவது சரிசெய்து தருவார், செலவையும் முன்கூட்டியே ஓரளவு சொல்லிவிடலாம். துருவுக்கு அப்படி முன்கூட்டி ஒரு தொகை சொல்ல முடியாது. பிரிக்கப் பிரிக்கத்தான் அது தெரியும்.

ஓட்டிப் பார்க்கும்போது எதைக் கவனிப்பது?

குறைந்தது அரை மணி நேரம் ஓட்டுங்கள், ஒரு ஏற்றமாவது இருக்கட்டும். ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துச் சக்கரம் அசையாமல் எவ்வளவு தூரம் ஆட்ட முடிகிறது என்று பாருங்கள், ஓரத்தில் ஓர் அங்குலம் வரை பழைய வண்டிக்கு இயல்பு, மூன்று அங்குலம் என்றால் முன் சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின், ஸ்டியரிங் பாக்ஸ் எல்லாம் பார்க்க வேண்டும். கியர் மாற்றும்போது கரகரத்தால் உடனே பெட்டி போய்விட்டது என்று நினைக்காதீர்கள்; 1928-இல் காடிலாக் கொண்டுவரும் வரை கியர்களைக் கரகரப்பில்லாமல் சேர்க்கும் சின்க்ரோமெஷ் என்பதே விற்பனைக்கு வந்த வண்டிகளில் இல்லை, கிளட்சை இருமுறை மிதித்து மாற்றுவதுதான் அந்த வண்டிகளின் பழக்கம். ஆனால் கியர் தானாக வெளியே குதித்தால் அது கோளாறுதான்.

பிரேக் போடும்போது ஒரு பக்கம் இழுக்கிறதா பாருங்கள். திரும்பி வந்ததும் இன்ஜினை அணைத்து, பத்து நிமிடம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். குளிரில் சுகமாகக் கிளம்பி, சூட்டில் முரண்டு பிடிக்கும் வண்டிகள் நிறைய.

"நிறுத்தும்போது நன்றாகத்தான் ஓடியது, பதினைந்து வருடமாக நிற்கிறது" என்கிறார். நம்பலாமா?

அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நிற்பதே ஒரு கோளாறு. டேங்கில் இருந்த பெட்ரோல் பிசினாகியிருக்கும், டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் குணம் உள்ளது, அதனால் வீல் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். ரப்பர் என்று எதெல்லாம் இருக்கிறதோ அதெல்லாம் வெடித்திருக்கும், ஒயரிங்கில் எலி கடித்திருக்கலாம். பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டியிருக்கலாம். அதனால் அவர் முன்னால் பேட்டரியை மாட்டி ஸ்டார்ட் செய்ய விடாதீர்கள், முதலில் பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் ஆயில் விட்டு, ஊறவிட்டு, கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

விலையில் இதை "ஓடும் வண்டி" என்று கணக்கிடாதீர்கள். ஓடாத வண்டி என்றே விலை பேசுங்கள்.

எண்கள் பொருந்த வேண்டும் என்கிறார்களே?

சேசிஸ் எண், இன்ஜின் எண், பதிவு ஆவணம் மூன்றும் ஒன்றையொன்று ஒத்துப்போக வேண்டும். இன்று நமக்குப் பழகிய, எழுத்தும் எண்ணுமாக 17 இடம் கொண்ட வின் எண் (வண்டியின் அடையாள எண்) 1981-க்குப் பிறகுதான் வழக்கமானது. அதற்கு முன் ஒவ்வொரு கம்பெனியும் ஒரு மாதிரி எண் கொடுத்தது. மாடல் டி-யில் பெரும்பாலான ஆண்டுகளுக்கு எண் இன்ஜினில்தான் அடித்திருக்கும், சேசிஸில் இருக்காது. அதனால் உங்கள் மாடலுக்கு எண் எங்கே, எப்படி அடித்திருக்கும் என்று முன்பே படித்துவிட்டுப் போங்கள்.

எண் இருக்கும் இடத்தைச் சுற்றி அரம் போட்டுத் தேய்த்த தடம், பக்கத்தில் மட்டும் புது பெயின்ட், தகட்டைப் பிடிக்கும் ரிவெட் மட்டும் பளபளவென்று புதிது, இவை இருந்தால் காரணம் கேளுங்கள். பதில் தெளிவாக இல்லையென்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள். துருவைக் காசு கொடுத்துச் சரிசெய்யலாம், ஆவணக் குழப்பத்தைச் சரிசெய்ய எவ்வளவு காலமாகும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இன்ஜின் மாற்றப்பட்டு, அது ஆவணத்திலும் முறையாகப் பதிவாகியிருந்தால் அது குற்றமில்லை. அபூர்வமான வண்டியில் அது விலையைப் பெரிதும் குறைக்கும், லட்சக்கணக்கில் செய்யப்பட்ட மாடலில் கொஞ்சம்தான் குறைக்கும். ஓட்டி மகிழத்தான் வாங்குகிறீர்கள் என்றால் அந்தக் குறைவு உங்களுக்கு லாபம்.

அசல் நிலையில் உள்ளதை வாங்குவதா, புதுப்பித்ததை வாங்குவதா?

ஆலையில் அடித்த பெயின்ட், முதல் சீட் தோல், கொஞ்சம் மங்கிய குரோம், இதெல்லாம் அப்படியே இருக்கும் உறுதியான வண்டி கிடைத்தால் என் ஓட்டு அதற்குத்தான். அதில் மறைக்க எதுவும் இல்லை, எல்லாம் கண்முன் தெரிகிறது. ஒருமுறை கழற்றிவிட்டால் அந்த அசல் திரும்ப வராது என்பதால் இப்படிப்பட்ட வண்டிகளுக்குத் தேடி வருகிறவர்களும் அதிகம்.

புதுப்பித்த வண்டி என்றால் படங்களைக் கேளுங்கள். பெயின்ட் அடித்த பிறகு எடுத்தவை வேண்டாம், தகட்டைச் சுரண்டி வெறும் இரும்பாக நின்றபோது எடுத்தவை வேண்டும். ஒழுங்காக வேலை செய்தவர் கண்டிப்பாக எடுத்து வைத்திருப்பார். ரசீதுக் கட்டைக் காட்டி "இவ்வளவு செலவு செய்தேன்" என்பார்கள். ரசீது என்ன வேலை நடந்தது என்பதற்குச் சாட்சி, வண்டியின் மதிப்புக்குச் சாட்சி இல்லை. ஒரு வண்டிக்குச் செய்த செலவு முழுவதும் விற்பனையில் திரும்புவது அபூர்வம்.

நியாய விலையை எப்படிக் கணக்கிடுவது?

இதற்குத்தான் எல்லோரும் நேராக வருகிறார்கள், சரி.

முதலில், கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள், விற்ற விலையைப் பாருங்கள். விளம்பரத்தில் போட்டிருப்பது ஒருவரின் ஆசை. ஏல நிறுவனங்கள் தங்கள் பழைய முடிவுகளை வெளியிடுகின்றன, அந்த மாடலின் கிளப்பில் உள்ளவர்களுக்கும் யாருடையது எவ்வளவுக்குப் போனது என்று தெரியும். அதே மாடல், அதே பாடி வகை, கிட்டத்தட்ட அதே ஆண்டு என்று கடந்த ஓரிரு வருடத்தில் விற்ற நாலைந்தைத் தேடுங்கள். திறந்த பாடியும் மூடிய பாடியும் ஒரே விலை இல்லை, பொதுவாகத் திறந்ததற்கு விலை கூடுதல். அதனாலேயே மூடிய வண்டியின் கூரையை வெட்டித் திறந்த வண்டியாக மாற்றியவையும் சந்தையில் உண்டு, எண்ணைச் சரிபார்க்க அதுவும் ஒரு காரணம்.

செய்தித்தாளில் வரும் விலைகளைத் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டாம். 2022-இல் ஒரு 1955 மெர்சிடிஸ்-பென்ஸ் 300 எஸ்எல்ஆர் உலென்ஹாட் கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அந்த வகையில் செய்யப்பட்டதே இரண்டுதான். அதற்கும் நீங்கள் பார்க்கப் போகும் வண்டிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இரண்டாவது, நிலையைத் தரம் பிரியுங்கள். பழைய கார்களுக்குக் காப்பீடு தரும் அமெரிக்க நிறுவனமான ஹேகர்ட்டியின் விலைக் கையேட்டில் 1 முதல் 4 வரை தரம் உண்டு: 1 என்றால் போட்டிக் கண்காட்சியில் நிறுத்தும் தரம், 2 மிகச் சிறப்பு, 3 நல்ல நிலையில் ஓடுவது, 4 ஓடும் ஆனால் குறைகள் கண்ணுக்குத் தெரிவது. எல்லா விற்பனையாளரும் தன் வண்டியை 2 என்பார்கள். நான் பார்த்தவற்றில் பெரும்பாலானவை 3, நிறைய 4.

மூன்றாவது, கழித்தல். ஒரு கணக்குக்காக, அந்த மாடலில் தரம் 3 வண்டி 100-க்கு விற்கிறது என்று வையுங்கள். நீங்கள் பார்த்ததை 75-க்குத் தருகிறேன் என்கிறார். டயர் நாலும் பழையது, 5. பிரேக் முழுசாகப் பிரிக்க வேண்டும், 6. சீட், கூரைத் துணி, 14. ஒரு பக்க சில், தரைத் தகடு, அதற்குப் பிறகு பெயின்ட், 20. மொத்தம் 45. இதன்மேல் பிரித்த பிறகு தெரியவரும் வேலைக்கு மூன்றில் ஒரு பங்கு, 15 என்று வைக்கிறேன், ஏனென்றால் ஒருமுறைகூட எனக்கு அது தேவைப்படாமல் போனதில்லை. ஆக 60. நூறில் அறுபது போனால் 40. அதுதான் உங்களுக்கு அந்த வண்டியின் நியாய விலை. 75-க்கு வாங்கினால் கடைசியில் 135 செலவு செய்து 100 மதிப்புள்ள வண்டியை வைத்திருப்பீர்கள், இரண்டு வருடம் கழித்து.

விற்பவர் 40-க்குத் தரமாட்டார். சரி, அப்படியென்றால் 100 கொடுத்து நல்லதை வாங்குங்கள். முதல் முறை வாங்குகிறவர்களுக்கு இதை ஏற்றுக்கொள்வதுதான் கஷ்டமாக இருக்கிறது. குறைந்த விலை வண்டி யானையைக் கட்டித் தீனி போடுவது போல ஆகிவிடும் என்று எத்தனை முறை சொன்னாலும் அந்த 75 கண்ணை இழுக்கிறது.

வேலைகளின் செலவை நீங்களாக ஊகிக்காதீர்கள். பார்ப்பதற்கு முன்பே குரோம் பூச்சு, தோல் வேலை, பெயின்ட், வெள்ளை உலோக பேரிங் இவற்றுக்கு ஒரு விலை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். குரோம் பலரை ஏமாற்றும்: துத்தநாக வார்ப்பில் செய்த கைப்பிடி, சின்னம் போன்றவற்றில் புள்ளி புள்ளியாகக் குழி விழுந்திருந்தால் மறுபூச்சு சுலபமில்லை, புதிதாகத் தேட வேண்டியிருக்கும். காணாமல் போன பாகங்களையும் ஒன்று விடாமல் எழுதுங்கள். ஒரு பானெட் சின்னம், ஒரு மீட்டர், ஒரு விளக்கு மூடி என்று உதிரியாகப் பார்த்தால் அற்பம், கூட்டிப் பார்த்தால் சிலருக்கு இன்ஜின் வேலையைத் தாண்டியிருக்கிறது.

ஏலத்தில் வாங்கலாமா?

முதல் வண்டிக்கு வேண்டாம் என்பேன். ஓட்டிப் பார்க்க பெரும்பாலும் விடமாட்டார்கள், சுத்தியல் விழுந்தால் திரும்பப் போக முடியாது. சுத்தியல் விலைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் என்று 10 சதவீதமோ அதற்கு மேலோ வரும், வரி தனி, ஏற்றிக் கொண்டுவரும் செலவு தனி. அப்படியும் போவதென்றால் எல்லாம் சேர்த்து உச்சவரம்பை முதல்நாளே தாளில் எழுதி, ஆசை இல்லாத அந்த நண்பர் கையில் கொடுத்துவிடுங்கள்.

பேரம் எப்படிப் பேசுவது?

வண்டியைத் திட்டாதீர்கள். பல வருடம் தன் வீட்டுப் பிள்ளை போல வைத்திருந்தவர் அவர், நீங்கள் குறை சொல்லச் சொல்ல மனம் இறுகும். எழுதிய பட்டியலை அவரிடமே காட்டுங்கள்: இந்த வேலை, இந்தச் செலவு, அதனால் என் கணக்கு இங்கே நிற்கிறது. ஒத்துக்கொள்ளவில்லையென்றால் நன்றி சொல்லி, போன் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள். இரண்டு மாதம் கழித்து அழைப்பு வந்ததும் உண்டு, வராமல் போனதும் உண்டு.

"இன்னொருத்தர் நாளைக்குப் பணத்தோடு வருகிறார்" என்றால் வரட்டும். வேறு வண்டி கிடைக்கும்.

படமும் வீடியோவும் பார்த்து, நேரில் போகாமல் வாங்கலாமா?

கூடாது. தூரம் அதிகமென்றால் அந்த ஊரில் உள்ள அந்த மாடல் கிளப் ஆள் ஒருவரையோ, பணம் வாங்கிக்கொண்டு பரிசோதிப்பவரையோ அனுப்புங்கள். நேரில் போகிறவர்களும் அந்த மாடலைத் தெரிந்த ஒருவருக்கு அரை நாள் கூலி கொடுத்து அழைத்துப் போவது நல்லது; பொதுவான மெக்கானிக்கைவிட, அதே மாடலைப் பத்து வருடம் வைத்திருந்தவருக்கு எங்கே துருப்பிடிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

இன்றைய பெட்ரோல் ஒத்துக்கொள்ளுமா?

இன்றைய பெட்ரோலில் ஈயம் இல்லையே என்பதுதான் பலரின் பயம். ஆனால் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்ததே 1923-இல்தான். அதற்கு முன்பும் அதை ஒட்டியும் வடிவமைக்கப்பட்ட, அமுக்கம் குறைந்த இன்ஜின்கள் ஈயம் இல்லாமலே ஓடக்கூடியவை. கவனிக்க வேண்டியது இன்றைய பெட்ரோலில் கலக்கும் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களையும் கேஸ்கெட்டுகளையும் அது கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். எத்தனால் தாங்கும் குழாய்களாக மாற்றியிருக்கிறார்களா என்று கேளுங்கள், இல்லையென்றால் அதையும் கழித்தல் பட்டியலில் சேருங்கள்.

வாங்கிவிட்டேன். வீட்டுக்கு ஓட்டிக்கொண்டே வரலாமா?

ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் லாரியில் ஏற்றிக் கொண்டுவாருங்கள். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2311 என்றால் 2011-இன் 23-ஆவது வாரம். டயரின் பட்டன் தேயாமல் எவ்வளவு மிச்சம் இருந்தாலும் பத்து வருடம் தாண்டிய டயரில் நான் வேகமாகப் போகமாட்டேன். மூன்று இலக்கம் மட்டும் இருந்தால் அது 2000-க்கு முந்தையது.

முதல் வாரத்தில் பெட்ரோல் குழாய், பிரேக் குழாய், எல்லா ஆயில்களும் மாற்றுங்கள். தீயணைப்பான் ஒன்று கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். காப்பீடு எடுக்கும்போது வழக்கமான தேய்மானக் கணக்கில் எடுக்காமல், முன்கூட்டியே ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்க முடியுமா என்று கேளுங்கள். நீங்கள் எடுத்த படங்களும் அந்தக் கழித்தல் பட்டியலும் அப்போது கையில் இருக்க வேண்டும். அப்புறம் பெயின்ட் பக்கம் போகாமல் பிரேக்கிலிருந்து ஆரம்பியுங்கள்.